செக்14 இல்லாத ஈஸ்ட் எப்படிப் பிழைக்கிறது?

வணக்கம்.

2013 நோபல் பரிசு பற்றிய உங்கள் கட்டுரையில், ‘செக்14 புரதம் இல்லாவிட்டால் ஈஸ்ட் செத்துவிடும், கெஸ்1 என்ற இன்னொரு புரதத்தையும் நீக்கினால் பிழைத்துக்கொள்ளும்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். ஒன்று இல்லாததால் சாகிற செல், இரண்டும் இல்லாவிட்டால் பிழைப்பது எப்படி? பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். இன்னொன்று: இந்தப் புரதம் மனிதர்களுக்கும் உண்டா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

செல்லியலில் எனக்கு மிகவும் பிடித்த புதிர்களில் ஒன்றைக் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை விரித்து எழுத வாய்ப்புக் கொடுத்ததற்கு நன்றி.

1980-ல், பின்னாளில் அந்த நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ராண்டி ஷெக்மேனின் குழு, 25 டிகிரியில் நன்றாக வளர்ந்து, 37 டிகிரிக்குக் கொண்டுபோனதும் புரதங்களை வெளியே அனுப்ப முடியாமல் தவிக்கும் ஈஸ்ட்டுகளைத் தேடிப் பிடித்தது. அதில் அகப்பட்ட 23 மரபணுக்களில் ஒன்று செக்14. இது கெட்டுப்போனால், வெளியே போக வேண்டிய சரக்கு, புரதங்களைப் பிரித்து அனுப்பும் செல் உறுப்பான கோல்கியிலேயே தேங்கிவிடும். சரக்கை அனுப்பும் புரதம் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் 1990-ல் வைடாஸ் பேங்கைடிஸ் குழு கண்டது வேறு. செக்14, சவ்வுகளை உருவாக்கும் கொழுப்பு மூலக்கூறுகளான லிப்பிட்டுகளை இடம் மாற்றும் புரதம். பாஸ்பாடிடில் இனோசிடால், பாஸ்பாடிடில் கோலின் என்ற இரண்டு லிப்பிட்டுகளையும் ஒரு சவ்விலிருந்து உருவி இன்னொரு சவ்வில் சேர்க்க அதனால் முடியும்.

லிப்பிட்டின் வால்களுக்கு நீர் ஆகாது. செல்லுக்குள் இருப்பதோ பெரும்பாலும் நீர். எனவே லிப்பிட்டை உருவும் புரதத்துக்கு, அதை மறைத்து வைக்க ஒரு பை வேண்டும். 1998-ல் வந்த படிக அமைப்பில் அந்தப் பை தெரிந்தது: அடியில் தாள் போன்ற மடிப்பு, வாயில் கதவு போல ஒரு சுருள். அந்தப் படிகத்தில் பைக்குள் இருந்தவை லிப்பிட்டுகள் அல்ல, இரண்டு டிடர்ஜென்ட் மூலக்கூறுகள். ஆனாலும் பையின் வடிவம் ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது. வெறும் 304 அமினோ அமிலங்களில் இவ்வளவு வேலைப்பாடு!

இந்த லிப்பிட்டுகளில் பாஸ்பாடிடில் இனோசிடால் எதற்கு? கோல்கியில் பிக்1 என்ற நொதி பாஸ்பாடிடில் இனோசிடாலில் ஒரு பாஸ்பேட்டைச் சேர்த்து பிஐ4பி ஆக்குகிறது. சரக்குப் பைகள் கோல்கியிலிருந்து கிளம்ப இந்த பிஐ4பி வேண்டும். செக்14 இல்லாவிட்டால் அது போதுமான அளவு உருவாவதில்லை.

இனி கெஸ்1. ஆஷ்4 என்றும் இதற்குப் பெயர் உண்டு. 2005-ல் இதன் அமைப்பு வெளியானபோது பீப்பாய் வடிவக் குடைவுக்குள் எர்கோஸ்டீரால் (நம் கொலஸ்டிராலைப் போன்ற, ஈஸ்ட்டின் ஸ்டீரால்), அதன் வாயில் ஒரு மூடி என்று இருந்தது. ஸ்டீராலைச் சுமக்கும் புரதம் என்று எல்லோரும் எழுதினார்கள். அப்புறம் 2011-ல், அதே குடைவில் பிஐ4பி-யும் உட்காரும் என்று தெரிந்தது. இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம். கெஸ்1 கோல்கியில் ஸ்டீராலை இறக்கிவிட்டு பிஐ4பி-யை எடுத்துக்கொண்டு லிப்பிட்டுகள் தயாராகும் எண்டோபிளாச வலைக்குப் போகிறது. அங்கே சாக்1 என்ற நொதி பாஸ்பேட்டைக் கழற்றிவிடுகிறது. அந்தப் பக்கம் பிஐ4பி எப்போதும் குறைவாகவே இருப்பதால், அந்தச் சரிவின் பலத்தில் ஸ்டீராலை மேட்டுக்கு, அதாவது அது குறைவாக உள்ள இடத்திலிருந்து அதிகமாக உள்ள இடத்துக்கு, ஏற்ற முடிகிறது. கெஸ்1 தானாக ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்) எதையும் செலவழிப்பதில்லை. இந்த ஏற்பாட்டின் அழகுக்காகவே இதை நான் திரும்பத் திரும்பப் படிப்பேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருவோம். குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது என்றால், தொட்டியின் அடி ஓட்டையை அடைத்தால் இருப்பதாவது நிற்கும். தண்ணீர் கோல்கியின் பிஐ4பி, செக்14 குழாய், கெஸ்1 ஓட்டை. சாக்1-ஐ நீக்கினாலும் செக்14 இல்லாத ஈஸ்ட் பிழைக்கிறது என்பது 1989-லேயே தெரிந்திருந்தது. அதற்கும் காரணம் இதே கணக்குதான்.

பிஐ4பி மட்டும்தான் கதை என்றும் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். கோலினிலிருந்து பாஸ்பாடிடில் கோலின் செய்யும் பாதையை முடக்கினாலும் இந்த ஈஸ்ட் பிழைக்கும். அந்தப் பாதை டைஅசைல்கிளிசராலைத் தின்கிறது. டைஅசைல்கிளிசராலும் கோல்கிக்குத் தேவையான லிப்பிட். ‘கெஸ்1 இல்லாமல் மட்டும் சாகாதா?’ என்று யாராவது கேட்பார்கள். சாகாது. ஈஸ்டில் ஆஷ் குடும்பப் புரதங்கள் 7. ஏழையும் நீக்கினால்தான் சாகும். ஏதாவது ஒன்று இருந்தால் போதும்.

செக்14 உண்மையில் லிப்பிட்டைத் தூக்கிச் செல்கிறதா, அல்லது பிக்1-க்கு வாகாக நீட்டிக் கொடுக்கிறதா என்பதில் நீண்ட விவாதம் உண்டு. நான் இரண்டாவது பக்கம். 2008-ல் ஒரு லிப்பிட்டை மட்டும் பிடிக்கும் செக்14 ஒன்றையும், மற்றதை மட்டும் பிடிக்கும் செக்14 ஒன்றையும் ஒரே செல்லில் சேர்த்துப் பார்த்தார்கள், வேலை நடக்கவில்லை. இரண்டையும் பிடிக்கும் திறன் ஒரே மூலக்கூறில் இருக்க வேண்டும். வெறும் சுமை தூக்குவதுதான் வேலை என்றால், ஆளுக்கு ஒன்றாகத் தூக்கியிருக்கலாமே.

மனிதர்களுக்கும் உண்டா என்றால், அதே மடிப்பு கொண்ட சொந்தக்காரர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். நம் கல்லீரலில் வைட்டமின் இ-யைப் பிடித்து ரத்தத்துக்கு அனுப்பும் ஆல்பா டோகோஃபெரால் மாற்றுப் புரதம் அவற்றில் ஒன்று. அதன் மரபணு இரு பிரதிகளிலும் பழுதாகப் பிறந்தவர்களுக்கு, உணவில் வைட்டமின் இ போதுமான அளவு இருந்தாலும் உடம்பில் தங்காது. நரம்புகள் பாதித்து நடை தள்ளாடத் தொடங்கும். நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்து, அதிக அளவில் வைட்டமின் இ கொடுத்துவந்தால், நோய் மேலும் முற்றாமல் தடுத்துவிடலாம்.