ஏட்டின் அடியில் ஆண்டு எழுதியிருந்தால் போதுமா?

கேள்வி: பல்கேரியாவுக்குச் சுற்றுலா சென்றிருந்தபோது, சோபியாவில் பழம்பொருள் தரகர் ஒருவர் தோலில் எழுதிய ஒற்றை ஏட்டைக் காட்டினார். விளாதிஸ்லாவ் கிராமத்திக் என்ற புகழ்பெற்ற எழுத்தர் 1479இல் தம் கையாலேயே மொழிபெயர்த்து எழுதியது என்கிறார். அடியில் 6987 என்று ஆண்டும் இருக்கிறது. 1,200 யூரோ கேட்கிறார். படம் இணைத்துள்ளேன். முன்பணம் அனுப்பலாமா?

பதில்: அனுப்ப வேண்டாம். காரணங்களைச் சொல்கிறேன்.

ஆண்டுக் கணக்கில் தரகர் ஏறக்குறைய சரியாகவே சொல்லியிருக்கிறார். அக்கால பல்கேரிய எழுத்தர்கள் உலகம் படைக்கப்பட்டதாகக் கருதிய நாளிலிருந்து ஆண்டுகளை எண்ணினார்கள்; எண்களுக்குப் பதிலாக எழுத்துகளையே பயன்படுத்தினார்கள். படத்தில் ஆறைக் குறிக்கும் எழுத்தின் இடப்பக்கம் சாய்ந்த கோடு ஒன்று தெரிகிறதல்லவா, அதுதான் ஆயிரத்தின் குறி. அந்த எண்ணிலிருந்து 5508ஐக் கழித்தால் நம் ஆண்டு கிடைக்கும். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதைப் பொறுமையாகப் படியுங்கள். அவர்களுடைய ஆண்டு செப்டம்பர் 1 அன்று பிறக்கிறது. ஆகவே 6987ஆம் ஆண்டு என்பது 1478 செப்டம்பரில் தொடங்கி 1479 ஆகஸ்டில் முடிகிறது. குறிப்பில் அக்டோபர் என்றிருந்தால் 5509ஐக் கழித்து 1478 என்றும், மார்ச் என்றிருந்தால் 5508ஐக் கழித்து 1479 என்றும் கொள்ள வேண்டும். மாதமே இல்லையென்றால் 1478/79 என்றுதான் எழுத முடியும். உங்கள் ஏட்டில் மாதம் இல்லை. ஆனாலும் தரகர் 1479 என்று அடித்துச் சொல்கிறார் என்றால், அவர் ஏட்டைப் படித்துச் சொல்லவில்லை, கலைக்களஞ்சியத்தைப் பார்த்துச் சொல்கிறார் என்று பொருள்.

விளாதிஸ்லாவ் இன்றைய கொசோவோவில், வெள்ளிச் சுரங்கங்களுக்குப் பெயர்பெற்ற நோவோ பர்தோ ஊர்க்காரர். 1455இல் அந்த ஊர் துருக்கியர் வசமானதும், இன்றைய வட மாசிடோனியாவில் குமானோவோவுக்கு அருகிலுள்ள நகொரிச்சானே பகுதிக்குப் பெயர்ந்து, மதெய்ச்சே மடாலயத்தில் எழுத்துப் பணியைத் தொடர்ந்தார். பிறர் எழுதியவற்றையும் மொழிபெயர்த்தவற்றையும் பெருந்தொகுப்புகளாகப் படியெடுத்ததுதான் அவருடைய முதன்மையான வேலை. தரகர்கள் இவரை மொழிபெயர்ப்பாளர் என்று விற்பது விலையை ஏற்றுவதற்காகவே. (வாங்க வருபவர் செர்பியரென்றால் விளாதிஸ்லாவும் செர்பியராகிவிடுவார், அவர் கையாண்ட எழுத்துமுறை அதற்கு இடம் கொடுக்கிறது.) அவர் சொந்தமாக எழுதியவற்றுள் புகழ்பெற்றது, ரிலாவின் புனித யோவானுடைய திருவுடல் எச்சங்கள் 1469இல் தர்னோவோவிலிருந்து ரிலா மடாலயத்துக்குத் திரும்பிய வரலாறு. பாழடைந்த மடாலயத்தைச் சகோதரர் மூவர் எடுத்துக் கட்டியதையும், மறைந்த சுல்தான் இரண்டாம் முராதின் மனைவியாயிருந்த மாரா பிராங்கோவிச் அப்போதைய சுல்தானிடம் அனுமதி பெற்றுத் தந்ததையும் அதில் சொல்கிறார்.

இனி உங்கள் ஏட்டுக்கு வருவோம். விளாதிஸ்லாவின் பெருந்தொகுப்புகள் காகிதத்தில் எழுதப்பட்டவை. உங்களுக்குக் காட்டியதோ தோல். 1479ஆம் ஆண்டுத் தொகுப்பு இன்றும் ரிலா மடாலய நூலகத்தில்தான் இருக்கிறது. 1469ஆம் ஆண்டுத் தொகுப்பு சாக்ரெபில் இருக்கிறது. ஆண்டுக் குறிப்பு வழக்கமாக நூலின் முடிவில் வரும். முடிவு ஏடு மட்டும் தனியே சந்தைக்கு வருகிறதென்றால், அது போலியாக இருக்க வேண்டும், அல்லது ஒரு நூலைக் கிழித்து எடுத்ததாக இருக்க வேண்டும்.

குறிப்பு உண்மையான பழைய எழுத்தாகவே இருந்தாலும் ஏமாறாதீர்கள். பிரெஸ்லாவின் கான்ஸ்டன்டின் என்ற பல்கேரிய ஆயர், ஆரியுஸ் என்பவரைப் பின்பற்றிய கிறித்தவப் பிரிவினருக்கு எதிராகப் புனித அதனாசியுஸ் எழுதிய உரைகளை 906இல் மொழிபெயர்த்தார். 907இல் துதோர் தொக்சோவ் என்பவர் திச்சா ஆற்று முகத்தில் அதைப் படியெடுத்துக் குறிப்பும் எழுதினார். அந்தப் படி இன்று இல்லை. பல நூற்றாண்டுகளுக்குப் பின் ரஷ்யாவில் படியெடுத்தவர்கள் அவருடைய குறிப்பையும் வரி மாறாமல் சேர்த்தே எழுதிவைத்ததால்தான் நமக்கு அது தெரியும். அடியில் இருக்கும் ஆண்டு, ஏட்டின் வயது அல்ல.

சட்டமும் இருக்கிறது. பல்கேரியாவின் 2009ஆம் ஆண்டுப் பண்பாட்டு மரபுச் சட்டப்படி இத்தகைய பொருளை நாட்டைவிட்டு வெளியே எடுத்துச்செல்ல அரசின் அனுமதிச் சான்று வேண்டும். ஆனால் இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்பது எனக்குத் தெரியும்: நேர்மையாகச் சான்று கேட்பவருக்கு மாதக்கணக்கில் பதில் வராது, ஐயத்துக்குரிய ஏட்டைப் பற்றி நானே எழுதிய கடிதமொன்று எங்கே உறங்குகிறதென்று இன்றுவரை தெரியவில்லை, தரகரோ தெருவோரத்தில் மேசை போட்டு விற்றுக்கொண்டிருக்கிறார். சான்றைக் கேட்டதும் அவர், ‘கவலை வேண்டாம், பழைய புத்தகம் என்று எழுதி அஞ்சலில் அனுப்பிவிடுகிறேன்’ என்று சொல்வார். அந்தப் பொட்டலம் சுங்கத்தில் சிக்கினால், பெறுநர் என்ற இடத்தில் இருப்பது உங்கள் பெயரும் முகவரியும். அனுப்புநராக அவர் என்ன பெயரை எழுதியிருப்பார் என்று சொல்ல முடியாது.