திருச்சி கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்காகக் கட்டிய சர்ச்சின் வரலாறு என்ன? காரைக்குடியிலிருந்து போய்ப் பார்க்கலாமா?

தாராளமாகப் பார்க்கலாம். கல்யாணத்துக்குப் பட்டும் பாத்திரமும் எடுக்க நம் பக்கத்து ஜனங்கள் திருச்சிக்குப் போனால், தெப்பக்குளத்தைச் சுற்றித்தான் நடப்பார்கள். நீங்கள் கேட்கும் கிறிஸ்து நாதர் ஆலயமும் அங்கேதான் இருக்கிறது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இதைக் கம்பெனி அதிகாரத்தின் சின்னம் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அது அனாதைப் பிள்ளைகளிடமிருந்து தொடங்கிய கதை. 1763இல் திருச்சியில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பல சிப்பாய்கள் இறந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கியவர் சுவார்ட்ஸ் ஐயர் என்கிற கிறிஸ்தவ மிஷனரி. பிரஷ்யாக்காரர், 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்றவர்.

அடுத்த வருஷம் மதுரை முற்றுகை. மருதநாயகம் என்கிற கான் சாகிப்பைப் பிடிக்க ஆற்காட்டு நவாபும் கம்பெனியும் சேர்ந்து நடத்திய சண்டை. காயம்பட்டவர்களையும் நோயாளிகளையும் கவனிக்க சுவார்ட்ஸ் அங்கே போனார். அதற்காக நவாப் கொடுத்த 300 வராகன் பொற்காசுகளை அனாதைப் பள்ளிக்கே கொடுத்துவிட்டார். மருதநாயகம் தூக்கில் தொங்கிய அந்தச் சண்டையின் பணம் சிப்பாய்களின் பிள்ளைகளுடைய சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் போனது என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது.

சுவார்ட்ஸ் எழுப்பிய இந்தக் கோட்டை சர்ச் 1766 மே மாதம் திறக்கப்பட்டது. சிப்பாய்களும் அதிகாரிகளும் பணம் கொடுத்திருந்தார்கள். வெள்ளைக்காரப் படைக்கு ஆங்கிலத்தில் ஆராதனை, தமிழ்ச் சபைக்குத் தமிழில். அப்புறம் கம்பெனி அவரையே படையின் குருவாகச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டது. அந்தச் சம்பளத்திலும் பெரும்பங்கு ஊழியத்துக்கே போனது.

நம் சீமைக்கும் இதில் தொடர்பு உண்டு. 1785 வாக்கில் தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை மூன்று ஊர்களிலும் ஆங்கிலப் பள்ளிகள் தொடங்கியதில் அவர் கை இருந்தது. செட்டிநாட்டின் கல்வி வரலாறு பேசுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது.

பிற்காலத்தில் படை கன்டோன்மென்ட் பக்கம் நகர்ந்ததால் அங்கே புனித யோவான் ஆலயம் எழுந்தது. கதவுகளை மடித்துத் திறந்தால் மண்டபம் மாதிரி ஆகிவிடும். நம் வெயிலுக்கு ஏற்ற கட்டுமானம். கல்கத்தா பிஷப் ஹீபரின் கல்லறை அங்கேதான் உள்ளது. 1826 ஏப்ரல் 3ஆம் தேதி காலையில் கோட்டைச் சபையாருக்குத் தமிழில் ஆசி கூறிவிட்டுத் தங்கியிருந்த பங்களாவுக்குத் திரும்பியவர், குளிக்கப் போன தொட்டியிலேயே இறந்துபோனார்.

சரி, நீங்கள் போகும்போது முதலில் கோட்டை சர்ச், அப்புறம் கன்டோன்மென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் காரைக்குடி வந்துவிடலாம்.