கடலூர் வீட்டுக்கு ஃப்யூயல் செல் வேண்டாம்

வணக்கம் நண்பரே. தேவனாம்பட்டினம் வீட்டில் 3 கிலோவாட் சோலார் இருக்கிறது, புயலில் மூன்று நாள் கரண்ட் போனாலும் மீன் ஃப்ரீசர் ஓட வேண்டும், பேட்டரியா, ஹைட்ரஜனிலிருந்து கரண்ட் எடுக்கும் ஃப்யூயல் செல்லா என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் பேட்டரிக்கே போங்கள்.

தண்ணீரிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் பிரிக்க ஐம்பது யூனிட்டுக்கு மேல் கரண்ட் இழுக்கும். அதை ஃப்யூயல் செல்லில் விட்டால் திரும்பக் கிடைப்பது சுமார் 16 யூனிட்தான். லித்தியம் பேட்டரியில் போட்டதில் பத்தில் ஒன்பது பங்கு கைக்கு வரும். மாதக்கணக்கில் சேமிக்க வேண்டிய தீவுகளுக்கு ஹைட்ரஜன் சரி. அமெரிக்க சமோவாவின் தாவு தீவில்கூட 2016-ல் 1.4 மெகாவாட் சோலாரோடு பேட்டரிதான் வைத்தார்கள். வெயிலே இல்லாமல் மூன்று நாள் தாங்கும் அளவுக்கு.

ஃப்ரீசர், ஃபேன், விளக்கு எல்லாம் நாளைக்கு 3 யூனிட் என்றால் உங்களுக்கு 10 யூனிட் பேட்டரி போதும். ஆனால் முதலில் இன்வெர்ட்டரைப் பாருங்கள். சாதாரண ஆன்-கிரிட் வகை என்றால் லைனில் கரண்ட் போனதும் அதுவும் நின்றுவிடும், மாடியில் வெயில் கொளுத்தினாலும் பயனில்லை. லைன் போனாலும் சோலாரையும் பேட்டரியையும் வைத்து ஓடும் ஹைப்ரிட் வகை வேண்டும்.

அப்புறம், 2011-ல் ‘தானே’ புயலைப் பார்த்த ஊர் இது. பேட்டரியைத் தரையில் வைக்காதீர்கள், இடுப்பு உயரத்துக்கு மேல் சுவரில் மாட்டுங்கள். உப்புக் காற்றில் டெர்மினல் பச்சை பூக்கும். துடைத்து வாசலின் தடவுங்கள். பேனல் சட்டத்தின் போல்ட்டுகளை ஐப்பசிக்கு முன்னால் ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.