சக்கரத்தும்பி

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் இராமநாதபுரம் மாவட்டத்து இருமேனிக்காரன். இப்போது சென்னையில், மீனம்பாக்கத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை என் பத்து வயது மகனைத் திரிசூலம் ரயில் நிலையத்துக்கு அழைத்துச் சென்று, எதிரே எழும்பும் விமானங்களைக் காட்டினேன். அவன் தலையே நிமிரவில்லை. கையில் இருந்த போனைப் பார்த்து, "இது துபாய் போகிறது, இது சிங்கப்பூர்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். உச்சிப்புளியில் கடற்படை விமானங்களைப் பார்க்க முள்வேலிக்கு வெளியே மணிக்கணக்கில் நின்ற நமக்கு இருந்த வியப்பு இந்தத் தலைமுறைக்கு ஏன் இல்லை? அதை எப்படி உண்டாக்குவது?

ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்தப் பொம்மை விமானங்களை வைத்தா இத்தனை வியந்தோம் என்று வெட்கமாகவும் இருக்கிறது. 1987இல் இலங்கைக்குப் போன மிராஜ் போர் விமானங்களையும், 90களில் மண்டபம் கடலின் மேல் தாழப் பறந்த, நான்கு புரொப்பெல்லர் கொண்ட ஒரு ராட்சத விமானத்தையும் பார்த்ததாக நினைவு. அது என்ன விமானம்? கலாம் ஐயா பிறந்த மண்ணுக்கு எப்போது பயணிகள் விமான நிலையம் வரும்?

கே.

அன்புள்ள கே.,

பொம்மை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைப் படித்ததும் எனக்குக் காப்பி ஆறிப்போயிற்று.

சில்லறைக் கணக்குகளை முதலில் தீர்த்துவிடுகிறேன். நீங்கள் பார்த்த ராட்சத விமானத்தின் இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்திருந்தனவா, நேராக நீண்டிருந்தனவா? சாய்ந்திருந்தால் அது அரக்கோணத்திலிருந்து வந்த துபோலேவ் 142. நேராக இருந்தால் கோவாவிலிருந்து வந்த இல்யூஷின் 38. 'ராட்சத' என்கிறீர்கள் என்பதால் துபோலேவ் என்றே வைத்துக்கொள்வோம். அதன் ஒவ்வொரு எஞ்சினிலும் இரண்டு புரொப்பெல்லர்கள், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழலும். அந்த உறுமலைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். 2017இல் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஒன்று விசாகப்பட்டினம் கடற்கரையில் கண்காட்சிப் பொருளாக நிற்கிறது. மகனை அங்கே அழைத்துப் போங்கள், போனைப் பார்த்துக்கொண்டே சுற்றி வருவான்.

மிராஜ் கதையை நான் நம்பவில்லை, தம்பி. 1987 ஜூன் 3ஆம் தேதி இராமேஸ்வரத்திலிருந்து நிவாரணப் பொருள்களோடு பத்தொன்பது படகுகள் போயின. இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பியது. மறுநாள் ஐந்து ஆன்டனோவ் 32 சரக்கு விமானங்கள் மிராஜ் விமானங்களின் காவலோடு யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. 'பூமாலை' என்று அதற்குப் பெயர். அவை பெங்களூரிலிருந்து கிளம்பியவை. நான் அன்று பகல் முழுவதும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம். அன்று மிராஜைப் பார்த்ததாகச் சொல்பவர்களின் எண்ணிக்கை நம் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறது. நீங்களும் வரிசையில் சேர்ந்துவிட்டீர்கள்.

கலாமை இழுக்காமல் நம் ஊர்க்காரர்கள் ஒரு கடிதம் எழுத மாட்டார்களா என்று ஏங்குகிறேன். டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போனவர் அவர். எட்டு இடம், இவர் ஒன்பதாவது. எழுபத்து நான்கு வயதில், 2006இல், புனேயில் ஒரு சுகோய் விமானத்தில் ஏறி உட்கார்ந்தார். அந்த ஐம்பது ஆண்டு இடைவெளியைப் பற்றி எழுதினால் உட்கார்ந்து படிப்பேன். 'பிறந்த மண்' என்று மட்டும் எழுதினால் மாட்டேன். விமான நிலையம் வந்தால் டிக்கெட் எடுப்போம், வேறென்ன.

இனி பொம்மைக்கு வருகிறேன்.

நீங்கள் வெட்கப்படும் விமானத்துக்குப் பெயர் ஐலண்டர். ஆங்கிலேயர்கள் தீவுகளுக்கிடையே தத்தித் தத்திப் போய்வரச் செய்தது. நம் கடற்படை 1976 முதல் வைத்திருந்தது. முழுப்பாரம் ஏற்றினாலும் மூன்று டன்தான். உங்கள் துபோலேவ் நூற்றெண்பது டன்னுக்கு மேல். அரக்கோணத்தில் நான்கு கிலோமீட்டர் ஓடுபாதை கேட்கும் விலங்கு அது. ஐலண்டருக்கு உச்சிப்புளியின் ஒரு கிலோமீட்டர் தாராளம். அதன் சக்கரங்கள் மடங்காது. பறக்கும்போதும் தொங்கிக்கொண்டே இருக்கும். அதனால் நாங்கள் அதைச் சக்கரத்தும்பி என்போம். இருமேனிப் பையன்கள் வேறு பெயர் வைத்திருந்தீர்களோ என்னவோ.

அதற்கு இறக்கை தலைக்கு மேலே. இதை நீங்கள் கவனித்ததில்லை என்று பந்தயம் கட்டுவேன். இறக்கை மேலே இருந்தால் ஜன்னலில் இருப்பவனுக்குக் கீழே எதுவும் மறைக்காது. நீரை அவன் நேரே பார்க்கலாம். நிமிடத்துக்கு நான்கு கிலோமீட்டர்தான் போகும். போர் விமானம் சாதாரணமாகப் போனாலே நிமிடத்துக்குப் பதினைந்து கிலோமீட்டர். பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் கடலில் எதைப் பார்ப்பான்? ரேடார் இருக்கிறதே என்பீர்கள். கடல் கொந்தளிக்கும் நாளில் வத்தையின், அதாவது நம் மரப்படகின் எதிரொலி அலையின் எதிரொலியோடு கலந்துவிடும். அன்றைக்குக் கண்தான் வேண்டும், கண்ணுக்கு அவகாசம் வேண்டும். நம் தலைக்கு மேல் போனவற்றில் நம்மைப் பார்ப்பதற்குத் தோதாக இருந்தது அந்தச் சின்ன விமானம்தான். மற்றவை நாம் பார்ப்பதற்காகப் போயின. இதை இன்னும் நான்கு பக்கம் எழுதுவேன், உங்கள் நல்ல காலம், கை வலிக்கிறது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது சித்தி வீட்டுத் திண்ணையில் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால் உங்கள் கடிதம்.

1988, ஆடி மாதம். எங்கள் ஊர் புதுமடத்தை அடுத்தது. ஆடியில் தென்கடல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விவரமுள்ளவர்கள் வத்தையை வடகடலுக்கு மாற்றிவிடுவார்கள். சித்தப்பாவுக்கு விவரம் இருந்தது, கடனும் இருந்தது. இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு விடியற்காலம் போனார். மறுநாள் பொழுது விடிந்தும் வரவில்லை. கச்சான் காற்று மணலை அள்ளி முகத்தில் வீசிக்கொண்டிருந்தது. தேடிப்போக ஒரு வத்தையையும் இறக்க முடியவில்லை. யாரோ சைக்கிளில் உச்சிப்புளிக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். யாரிடம் சொன்னார்கள், அவர் யாரிடம் சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. பதினோரு மணிபோலச் சக்கரத்தும்பி வந்தது.

தம்பி, ஏர் உழுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படித்தான் அது கடலை உழுதது. கரையை ஒட்டிக் கிழக்கே போகும், திரும்பும், கொஞ்சம் தள்ளி மேற்கே வரும், மறுபடி திரும்பும். ஒவ்வொரு சாலும் கரையைவிட்டு விலகிக்கொண்டே போயிற்று. பெண்கள் எல்லாரும் பனைகளுக்குக் கீழே நின்றார்கள். சத்தம் தேய்ந்தால் அழுகை கூடும், சத்தம் கூடினால் அழுகை நிற்கும். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. சித்தப்பாவைப் பற்றிக் கவலைப்பட்டேனா, விமானத்தை இவ்வளவு தாழ்வாகப் பார்க்கக் கிடைத்ததை நினைத்து மகிழ்ந்தேனா என்று கேட்டால், இரண்டும்தான். இதை இதுவரை வெளியே சொன்னதில்லை.

கடைசியில் முசல்தீவுப் பக்கமிருந்து நேரே எங்களை நோக்கி வந்தது. பனைமட்டைகள் சடசடக்கும் உயரம். தலைக்கு மேல் வந்தபோது இடமும் வலமுமாக இறக்கையை இரண்டு முறை ஆட்டியது. ஆட்டிவிட்டு உச்சிப்புளிக்குப் போய்விட்டது.

"இல்லை என்று தலையாட்டிவிட்டதே!" என்று சித்தி மணலில் விழுந்தார். அவ்வளவுதான், ஊரே ஒப்பாரி.

கூட்டத்தில் ரங்கூன் தாத்தா ஒருவர் இருந்தார். 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அங்கே இருந்து, பிறகு நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். விமானம் என்றால் அவர் சொல்வதுதான் சட்டம். அவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்து சொன்னார்: "பைத்தியங்களா, இல்லை என்றால் முகம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பும். இது திரும்பவில்லை, சாய்ந்தது. நாம் சரி என்பதற்கு எப்படித் தலையைச் சாய்ப்போம்? விமானக்காரன் இறக்கையைச் சாய்த்தால் கண்டுகொண்டேன் என்று பொருள்." சொன்னதோடு நிற்காமல் தலையை இரண்டு விதமாகவும் ஆட்டிக் காட்டினார். பிணம் விழுந்த வீட்டில் கிழவனுக்கு விளையாட்டு கேட்கிறதா என்று சித்தி கைநிறைய மணலை அள்ளி அவர்மேல் எறிந்தார்.

அன்று இரவு எங்கள் தெருவில் அடுப்பு எரியவில்லை. தாத்தா மட்டும் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, யாராவது கடந்து போனால் தலையைச் சாய்த்துக் காட்டிக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பழகினேன்.

காலையில் காற்று கொஞ்சம் அடங்கியது. வேதாளைக்காரர்கள் போய்ச் சித்தப்பாவையும் மற்ற இருவரையும் முசல்தீவிலிருந்து அழைத்து வந்தார்கள். பாய்மரம் முறிந்து, காற்று இழுத்த பக்கம் போய்த் தீவில் ஒதுங்கியிருக்கிறார்கள். விமானம் அவர்கள் தலைக்கு மேலும் இறக்கையை ஆட்டியதாம். சித்தப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. தீவில் நின்று பார்த்தவருக்குப் புரிந்தது, கரையில் நின்றவர்களுக்குப் புரியவில்லை. சித்தி அதற்குப் பிறகு தாத்தாவிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று நினைவில்லை. ஒரு வாரம் அவர் வீட்டுக்கு மீன்குழம்பு போயிற்று.

இதைத்தான் பொம்மை என்கிறீர்கள். வெட்கமாக இருக்கிறதாம். நன்றாக வெட்கப்படுங்கள், வேறு காரணத்துக்காக.

உங்கள் மகனை மறந்தே போனேன். அவன் துபாய் போகிறது என்றானே, நீங்கள் பதிலுக்கு என்ன சொன்னீர்கள்? நிமிர்ந்து பார் என்று அதட்டியிருப்பீர்கள். கீழக்கரையிலும் பனைக்குளத்திலும் வானத்தில் ஒரு வெள்ளைக்கோடு போனால் உம்மாமார்கள் அது எந்த ஊருக்கு என்றுதான் கேட்பார்கள். பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். விமானத்தின் மூக்கு, வால், எஞ்சின் எல்லாம் நாம் பையன்களாக மனப்பாடம் செய்தவை. அது எங்கே போகிறது, உள்ளே யார் என்று நாம் கேட்டதேயில்லை. உங்கள் மகன் கேட்டிருக்கிறான். அவனை விட்டுவிடுங்கள். விடுமுறையில் ஊருக்குக் கூட்டி வந்தால் என்னிடமும் கூட்டி வாருங்கள். ஆனால் தளத்து மதில் பக்கம் போய்ப் படம் எடுக்காதீர்கள். அதற்குச் சட்டப்படி தடை இருக்கிறது, உங்களுக்கோ வயதுக்கேற்ற பொறுப்பு வந்ததாகக் கடிதத்தில் தெரியவில்லை.

உச்சிப்புளித் தளத்துக்கு 2009இல் 'பருந்து' என்று பெயர் சூட்டினார்கள். கடற்படையின் விமானத் தளங்களில் தமிழ்ப்பெயர் என்பதால் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. 2012 முதல் ஆளில்லா விமானங்களுக்கென்று ஓர் அணி அங்கே இருக்கிறது. போன மாதம் நான் திண்ணையில் படுத்திருந்த இரவு ஒன்று மேலே சுற்றிக்கொண்டிருந்தது. மேகத்துக்குள் யாரோ பழைய டி.வி.எஸ். ஐம்பதை விடாமல் ஓட்டுவதுபோலச் சத்தம். சித்திக்கு இப்போது எண்பதுக்கு மேல். காது மட்டும் கூர்மை.

"உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள்?" என்றார்.

"யாருமில்லை, சித்தி. ஓட்டுகிறவர் கீழே தரையில் உட்கார்ந்திருப்பார்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்படியானால் கடலில் யாரையாவது கண்டால் நமக்கு எப்படிச் சொல்வான்?"

"போனில் சொல்வார்கள்."

"போனிலா? அதுதான் நல்லது" என்று சொல்லிவிட்டு, வெற்றிலைப் பெட்டியை எடுத்துவரச் சொன்னார்.