இருவரும் சேர்ந்து முடிக்க: நெடுநடை பற்றி வாசகர் கேள்விகள்

எனக்கு வயது 66, மனைவிக்கு 63. கிராமப்புறப் பாதையில் 220 கி.மீ. தூரத்தை இரண்டு வாரத்தில் நடந்து முடிக்க ஆசை. தினமும் காலையில் 5 கி.மீ. நடக்கிறோம். இந்தப் பழக்கம் போதுமா?

நல்ல தொடக்கம், ஆனால் போதாது. 14 நாளில் இரண்டு நாள் ஓய்வு போனால், மீதி 12 நாளும் சராசரியாக 18 கி.மீ. நடக்க வேண்டும். ஒருநாள் 18 கி.மீ. நடப்பது பெரிய காரியமல்ல. மறுநாள் காலையில் விறைத்த காலோடு எழுந்து இன்னொரு 18 கி.மீ. நடப்பதுதான் கடினம். பயிற்சியில் பழக வேண்டியது அந்த இரண்டாம் நாளைத்தான்.

16 வாரம் ஒதுக்குங்கள். வாரத்தின் மொத்தத் தூரத்தைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரேயடியாகக் கூட்டாதீர்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை தூரத்தைக் குறைத்து உடம்பை ஆறவிடுங்கள். எட்டாவது வாரத்திலிருந்து, அடுத்தடுத்த இரண்டு நாள் நீண்ட நடை வையுங்கள்: முதலில் 10, 8 கி.மீ.; பயிற்சியின் முடிவில் 16, 14 கி.மீ. பயணத்தில் போடப்போகும் அதே ஷூ, அதே சாக்ஸ், அதே எடையுள்ள பையோடு நடங்கள். கடைசிப் பத்து நாள் தூரத்தைப் பாதியாக்குங்கள். அந்த நாட்களில் பதற்றத்தில் கூடுதலாக நடப்பவர்கள், களைத்த காலோடுதான் கிளம்புகிறார்கள்.

நேரக் கணக்கையும் சரியாகப் போடுங்கள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் தந்த கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 18 கி.மீ., 450 மீட்டர் ஏற்றம் என்றால் ஏறத்தாழ 4 மணி 20 நிமிடம். இது நல்ல உடல்வலு உள்ளவர், நிற்காமல் நடந்தால். அறுபதைத் தாண்டியவர்கள் இதோடு பாதியைக் கூட்டி, இளைப்பாறும் நேரத்தையும் சேர்க்க வேண்டும். ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொண்டு, காலை எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று முடிவு செய்யுங்கள்.

நான் வேகமாக நடப்பவன். மனைவி பின்தங்கிவிடுகிறார். நான் நின்று காத்திருந்தாலும் மாலைக்குள் அவர் துவண்டுவிடுகிறார். என்ன தவறு?

நீங்கள் காத்திருக்கும் விதத்தில்தான் தவறு. நீங்கள் முன்னே போய் உட்கார்ந்து பத்து நிமிடம் இளைப்பாறுகிறீர்கள். அவர் வந்து சேர்ந்ததும் "போகலாமா?" என்று எழுந்துவிடுகிறீர்கள். ஓய்வெல்லாம் உங்களுக்கே போய்விடுகிறது, தேவைப்படுகிறவருக்கு ஒன்றுமில்லை. இருவரில் ஒருவர் பயணத்தைப் பாதியில் விடுவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இது என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

மெதுவாக நடப்பவர் முன்னே போகட்டும், வேகமானவர் பின்னே வரட்டும். ஓய்வுநேரத்தை, கடைசியாக வந்தவர் உட்கார்ந்த நிமிடத்திலிருந்து கணக்கிடுங்கள். அவர் பையிலிருந்து ஒன்றிரண்டு கிலோவை உங்கள் பைக்கு மாற்றினால் வேகவித்தியாசம் தானாகக் குறையும். பையின் எடை அவரவர் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்லது. சுமையை இடுப்புப் பட்டைதான் தாங்க வேண்டும். பட்டை இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்காராமல் வயிற்றுக்கு ஏறியிருந்தால், முழு எடையும் தோளில் இறங்கிவிடும்.

ஆனால் தண்ணீர், மருந்து, விசில், வரைபடம் ஆகியவற்றை இருவரும் தனித்தனியே வைத்திருக்க வேண்டும். எல்லாம் ஒரே பையில் இருந்து, பாதை பிரியும் இடத்தில் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டால் சிக்கல். ஒவ்வொரு பிரிவிலும் மற்றவர் கண்ணில் படும்வரை நிற்பது என்று முன்பே பேசி வையுங்கள். ஒரு நிமிடத்தில் ஆறு விசில், பிறகு ஒரு நிமிட அமைதி, மீண்டும் ஆறு என்பது பல நாடுகளின் மலைப்பகுதிகளில் ஆபத்துக்கான குறி.

கொப்புளம் வராமல் தடுக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஈரத்தில் ஊறிய தோல், சாக்ஸோடும் ஷூவோடும் சேர்ந்து இழுபடுவதால் கொப்புளம் வருகிறது. பருத்தி சாக்ஸ் வியர்வையைத் தேக்கிவைக்கும். கம்பளி அல்லது செயற்கை இழை சாக்ஸ் வாங்குங்கள். கால் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், அந்தச் சாக்ஸைப் போட்டுக்கொண்டே ஷூவை அளவு பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். குதிகால் மேலே எழும்பக் கூடாது.

எங்காவது சுடுவதுபோல் உணர்ந்தால் அந்த நொடியே நில்லுங்கள். அடுத்த நிறுத்தத்தில் பார்க்கலாம் என்று இழுத்தால் அரை மணி நேரத்தில் தோல் பிரிந்துவிடும். காலைத் துடைத்து உலர்த்தி, சுருக்கமில்லாமல் பிளாஸ்திரி ஒட்டுங்கள். சிறிய கொப்புளத்தை உடைக்காதீர்கள். பெரிதாகி நடக்கவே முடியாவிட்டால், சுத்தம் செய்து, கிருமிநீக்கிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, மேல்தோலை உரிக்காமல் மூடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைத் தாங்களே செய்யக் கூடாது.

ஏற்றத்தில் சிரமமில்லை, இறக்கத்தில் முழங்கால் வலிக்கிறது.

இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்குகிறது. பழகாத தசைக்கு அது பெரும் வேலை. வலி ஓரிரு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். தசை களைத்ததும் சுமை மூட்டுக்குப் போகிறது. பயிற்சியில் படியிறங்கிப் பழகுங்கள். இரண்டு ஊன்றுகோல் வைத்துக்கொள்ளுங்கள்: சமதரையில் முழங்கை செங்கோணமாக மடியும் உயரம், ஏற்றத்தில் 5 முதல் 10 செ.மீ. குறைவு, இறக்கத்தில் அதே அளவு கூடுதல். அடியைச் சிறிதாக வையுங்கள்.

நடக்க நடக்கக் குறையும் வலியோடு தொடரலாம். நடக்க நடக்கக் கூடும் வலி, எலும்பில் ஒரே புள்ளியில் தொட்டால் துடிக்கும் வலி, இரவில் படுத்தும் விடாத வலி ஆகியவற்றுக்கு நடையை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

எனக்கு இரத்த அழுத்தம், கணவருக்குச் சர்க்கரை. கவனிக்க வேண்டியது என்ன?

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம், தினசரி எத்தனை மணி நேரம் நடப்பீர்கள் என்று சொல்லி மருந்தளவைக் கேளுங்கள். இன்சுலினும் சில சர்க்கரை மாத்திரைகளும் நீண்ட நடைக்குப் பின் இரவிலும் சர்க்கரையை இறக்கிவிடும். நடுக்கம், வியர்வை, குழப்பம் தெரிந்தால் 15 கிராம் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் சோதியுங்கள். அவருடைய பாதத்தை ஒவ்வொரு இரவும் நீங்கள் விளக்கு வைத்துப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் புண் இருப்பது அவருக்கே தெரியாது.

வயது ஏறத் தாகம் மங்கும். அதனால் தண்ணீரை அவ்வப்போது நினைவாகக் குடியுங்கள். ஆனால் அளவுக்கு மீறி வெறும் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறையும். அழுத்தத்துக்காக நீர்போக்கி மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம்.

முடிவு நெருங்கும்போது இரண்டு நாள் தூரத்தை ஒரே நாளில் முடித்துவிடலாமா? முடித்த பிறகு என்ன செய்வது?

வேண்டாம். உற்சாகம் களைப்பை மறைத்துவிடும். களைத்த கால் கல்லிலும் வேரிலும் தட்டும். கடைசி நாளைக் குட்டையாக, 10 கி.மீ.க்குள் திட்டமிடுங்கள். ஊர் திரும்பும் பயணச்சீட்டை அன்று மாலைக்கு எடுக்காதீர்கள், மறுநாளுக்கு எடுங்கள். வண்டியைப் பிடிக்க ஓடும் அவசரம் கடைசி நாளில் கூடாது.

திரும்பும் பயணத்தில் மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரேயடியாகப் படுக்காமல், முதல் வாரம் தினமும் 20, 30 நிமிடம் மெதுவாக நடங்கள். பசி பழைய அளவுக்கு இறங்கச் சில நாளாகும், அதுவரை தட்டைக் கவனியுங்கள். கறுத்த கால்நகத்தைப் பிடுங்க வேண்டாம். அது தானே விழுந்து, புதியது முழுதாய் வளரப் பல மாதம் ஆகும்.