ஹெடர் ஃபைல் கிடைக்கவில்லையா? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, என் சி புரோகிராமுக்கு வேண்டிய ஹெடர் (ஃபங்ஷன்கள், வகைகளின் அறிவிப்பு உள்ள ஃபைல்) ஃபோல்டரில்தான் இருக்கிறது. கம்பைலர் 'அப்படி ஒரு ஃபைலே இல்லை' என்கிறது. ஏன்?

பதில்: எங்கெல்லாம் தேடினாய் என்று கம்பைலரிடமே கேளுங்கள் தம்பி. உங்கள் கம்பைலர் ஜிசிசியோ கிளாங்கோ, அதே கட்டளையில் 'மைனஸ் வி' சேர்த்து ஓட்டினால் தேடிய ஃபோல்டர்களை வரிசையாகக் காட்டும். உங்கள் ஃபோல்டர் அதில் இல்லையென்றால் 'மைனஸ் ஐ' (பெரிய எழுத்து) போட்டுச் சேருங்கள். இருந்தும் கிடைக்கவில்லையா? அந்த ஃபோல்டரையும், ஹெடரைக் கேட்கும் இன்க்ளூட் வரியில் எழுதிய பெயரையும் ஒட்டிப் படியுங்கள். பட்டியலில் 'லிப்/இன்க்ளூட்', வரியில் 'இன்க்ளூட்/நெட்.ஹெச்' என்றால் அது தேடுவது 'லிப்/இன்க்ளூட்/இன்க்ளூட்/நெட்.ஹெச்'. நிறையப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான்.

இன்னொன்று. 'மைனஸ் ஐ'க்குப் பின் முழுப் பாதை கொடுக்காவிட்டால், கம்பைலர் ஓடும் ஃபோல்டரிலிருந்துதான் கணக்கு. சோர்ஸ் ஃபைல் இருக்கும் இடத்திலிருந்து அல்ல. என்ன ஆனாலும் ஹெடரைத் தூக்கி சிஸ்டம் ஃபோல்டரில் போட்டுவிடாதீர்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கேள்வி: இன்க்ளூட் வரியில் ஹெடர் பெயரைச் சுற்றி மேற்கோள் குறி, கோண அடைப்பு, எதைப் போடுவது?

பதில்: மேற்கோள் போட்டால், அந்த வரி இருக்கும் ஃபைலின் ஃபோல்டரில் முதலில் தேடும், பிறகுதான் 'மைனஸ் ஐ' ஃபோல்டர்கள். கோண அடைப்பு அந்த முதல் படியைத் தாண்டிவிடும். சொந்த ஹெடருக்கு மேற்கோள், லைப்ரரிக்குக் கோணம்.

கேள்வி: விண்டோஸில் பில்ட் ஆகிறது, லினக்ஸில் ஆகவில்லை.

பதில்: பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து ஒத்துப்போகிறதா பாருங்கள்.

கேள்வி: 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' வருகிறது. எந்தப் பாதையைச் சேர்க்க?

பதில்: ஹெடர் கிடைத்துவிட்டது. இது லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளையும் லைப்ரரிகளையும் இணைப்பது) சொல்லும் பிழை. லைப்ரரியை இணைத்தீர்களா பாருங்கள்.

கேள்வி: ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியை இன்ஸ்டால் செய்தும் ஹெடரைக் காணோம்.

பதில்: ஹெடர்கள் தனி பேக்கேஜில் வரும். உபுண்டுவில் 'லிப்எஸ்எஸ்எல்-டெவ்', ஃபெடோராவில் 'ஓப்பன்எஸ்எஸ்எல்-டெவெல்'.

கேள்வி: சிஸ்டம் ஃபோல்டரில் காப்பி செய்தேன், உடனே சரியாகிவிட்டது. ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

பதில்: இரண்டு நாள் தொலைத்தவன் சொல்கிறேன். 'யூஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட்'டில் ஒரு ஹெடரைக் காப்பி செய்து மறந்துவிட்டேன். பிறகு லைப்ரரியைப் புதுப்பித்தபோது ஒரு ஸ்ட்ரக்டில் (பல ஃபீல்டுகளைக் கட்டிய வகை) நடுவே புதிய ஃபீல்டு வந்திருந்தது. கம்பைலர் பழைய காப்பியையே எடுத்தது. ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. ஓடும்போது மெமரி சிதைந்தது. கடைசியில் 'மைனஸ் ஹெச்' (இதுவும் பெரிய எழுத்து) போட்டு, எந்த ஹெடர் எந்தப் பாதையிலிருந்து வருகிறது என்று பார்த்த பிறகுதான் பிடிபட்டது.

மறுகேள்வி: என் மெஷின்தானே, நான் கவனமாக இருப்பேனே?

பதில்: நானும் கவனமாகத்தான் இருந்தேன். உங்கள் சோர்ஸ் கோடை எடுத்து பில்ட் செய்பவருக்கு அந்தக் காப்பி எங்கிருந்து வரும்? பாதையை பில்ட் ஃபைலில் எழுதுங்கள். பில்ட் கருவி சிமேக் என்றால் 'டார்கெட் இன்க்ளூட் டைரக்டரீஸ்' கட்டளை. உங்கள் லைப்ரரியைப் பயன்படுத்துவோருக்கும் அந்த ஹெடர் வேண்டுமென்றால் அதில் 'பப்ளிக்' என்று குறியுங்கள்.

கேள்வி: ஃபைல் இருக்கிறது, ஆனால் காணோம் என்கிறது...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். 'மைனஸ் வி' காட்டியதை ஒட்டாமல் கேட்டால் என்னால் ஊகிக்கத்தான் முடியும்.