போர்டு செத்துவிட்டதா? கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: அண்ணா, புது நியூக்ளியோ போர்டு (எஸ்டிஎம்32 என்ற மைக்ரோகண்ட்ரோலர் சிப்பை வைத்துப் பழகும் போர்டு). கேபிளைச் செருகினால் சிவப்பு எல்இடி எரிகிறது, ஆனால் கம்ப்யூட்டரில் ஒன்றுமே வரவில்லை. மாற்றித் தரச் சொல்லலாமா?

முதலில் கேபிளை மாற்றுங்கள் தம்பி. கிண்டல் இல்லை. பவர் பேங்க்கோடு வரும் கேபிள்கள் பலவற்றில் சார்ஜுக்கு வேண்டிய இரண்டு கம்பிதான் இருக்கும், டேட்டா கம்பியே கிடையாது. அதே கேபிளில் போனை மாட்டி ஃபைல்கள் தெரிகிறதா என்று பாருங்கள். இதில் நானும் ஒரு சாயங்காலத்தைத் தொலைத்தவன்தான்.

கேள்வி: முதல் தடவை ப்ரோகிராம் ஏறியது. அதற்கப்புறம் டீபக்கர் (ப்ரோகிராமை ஏற்றி, பிழை தேட உதவும் கருவி) சிப்பையே கண்டுகொள்ளவில்லை. எஸ்டிஎம்32 போர்டுதான்.

பிஏ13, பிஏ14 இரண்டையும் உங்கள் கோடில் தொட்டிருக்கிறீர்களா? அவை டீபக்கர் பேசும் கால்கள். சாதாரண பின்னாக மாற்றிவிட்டால், கோடு ஓடத் தொடங்கிய மறுகணமே கதவு சாத்திக்கொள்ளும். சிப் ரீசெட்டில் இருக்கும்போதே இணைக்கும் வசதி ப்ரோகிராமர் மென்பொருளில் உண்டு, அதை வைத்து உள்ளே போய் அழித்துவிட்டு சரியான கோடை ஏற்றுங்கள். அதுவும் நடக்கவில்லையென்றால் பூட்0 பின்னை 3.3 வோல்ட்டில் கட்டி பவர் கொடுங்கள், உங்கள் கோடு ஓடாது, சிப்புக்குள் முன்பே இருக்கும், புது கோடை ஏற்ற உதவும் பூட்லோடர்தான் ஓடும்.

கேள்வி: சார், 24 வோல்ட்டை 5 ஆக இறக்கும் பக் கன்வர்ட்டர் போர்டு. சிப் 36 வோல்ட் வரை தாங்கும் என்று போட்டிருக்கிறது. சப்ளையைத் தொட்டதும் 'பட்' என்றது. இதோடு இரண்டு போர்டு போய்விட்டது.

சப்ளையை ஆன் செய்து வைத்துவிட்டு, ஒரு மீட்டர் வயரின் முதலைக் கிளிப்பைப் போர்டில் கவ்வவிட்டீர்கள், சரிதானே? அந்த நீள வயருக்கு இண்டக்டன்ஸ் (கரண்ட் சட்டென்று மாறுவதை எதிர்க்கும் குணம்) இருக்கிறது, போர்டின் வாசலில் செராமிக் கபாசிட்டர் இருக்கிறது, செராமிக்கில் இஎஸ்ஆர் (கபாசிட்டருக்குள்ளேயே இருக்கும் ரெசிஸ்டன்ஸ்) மிகக் குறைவு என்பதால் இரண்டுக்கும் இடையில் ஆடும் ஆட்டத்தை அடக்க ஆளே இல்லை. 24 வோல்ட் ஒரு கணம் 48-க்குப் பக்கம்கூட எகிறும். மீட்டரில் இது தெரியவே தெரியாது, ஆசிலாஸ்கோப்பில் சிங்கிள் ட்ரிகர் (ஒரே ஒரு தடவை பிடித்து நிறுத்தும் முறை) வைத்தால்தான் சிக்கும். இன்புட்டில் 100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிடிக் ஒன்றை இணையாகப் போடுங்கள், அதன் இஎஸ்ஆர்தான் இங்கே மருந்து. வயரைக் குட்டையாக்கி முறுக்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் மாட்டிவிட்டு சப்ளையைச் சுழியத்திலிருந்து ஏற்றுங்கள், கரண்ட் லிமிட்டும் வைத்து. மூன்றாவது போர்டாவது பிழைக்கட்டும்.

கேள்வி: அதே மாதிரி போர்டுதான், என்னுடையது உயிரோடு இருக்கிறது! ரிப்பிள் (அவுட்புட் வோல்ட்டேஜில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) 15 மில்லிவோல்ட் என்கிறார்கள், எனக்கு ஸ்கோப்பில் 200 தெரிகிறது.

ப்ரோபின் முனையை, அதன் கிரவுண்ட் கிளிப் கவ்வியிருக்கும் அதே இடத்தில் வையுங்கள். இப்போது சுழியம்தான் வர வேண்டும். அங்கேயும் கூர்கூராக ஏதாவது தெரிந்தால் நீங்கள் அளப்பது ரிப்பிளை அல்ல, அந்தக் கிரவுண்ட் வயர் வளையம் ஆன்டெனாவாகப் பிடித்த குப்பையை. ப்ரோபின் கொக்கியையும் அந்தக் கிரவுண்ட் வயரையும் கழற்றிவிட்டு குட்டி ஸ்பிரிங் கிரவுண்டைப் போட்டு, அவுட்புட் கபாசிட்டரின் இரு முனையிலேயே நேராகத் தொடுங்கள், ஸ்கோப்பில் 20 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்விட்த் லிமிட்டையும் ஆன் செய்யுங்கள்.

கேள்வி: ஐ2சி (இரண்டு கம்பியில் சிப்புகள் பேசிக்கொள்ளும் முறை) சென்சார் பதிலே தரவில்லை. முகவரி ஹெக்ஸில் 90 என்று மேனுவலில் இருக்கிறது.

ஹெக்ஸில் 48 போட்டுப் பாருங்கள். மேனுவல்காரர்கள் கடைசியில் வரும் படிக்க/எழுத பிட்டையும் சேர்த்து 8 பிட்டாகச் சொல்கிறார்கள், உங்கள் லைப்ரரி 7 பிட் கேட்கிறது.

கேள்வி: சிப் தூங்கும்போது இழுக்கும் கரண்ட்டை அளக்க ஐடிடி ஜம்பரை (சிப்புக்குப் போகும் கரண்ட் கடக்கும் இணைப்பு) கழற்றி மல்டிமீட்டரை மைக்ரோஆம்பியரில் வைத்தேன். தூங்குகிறது, ஆனால் எழுந்தவுடன் ரீசெட் ஆகிறது.

மைக்ரோஆம்பியர் ரேஞ்சில் பல மீட்டர்களுக்குள் 100 ஓம் போல ஒரு ரெசிஸ்டர் குறுக்கே நிற்கும். சிப் எழுந்து 10 மில்லிஆம்பியர் இழுத்தால் 1 வோல்ட் அங்கேயே போச்சு, 3.3-இல் 2.3தான் மிச்சம். ஜம்பரைப் போட்டபடியே எழுப்பித் தூங்கவிட்டு, மீட்டரை அதற்கு இணையாக மாட்டி, அப்புறம் ஜம்பரை உருவுங்கள்.